அடி வாங்காத ராஜா

கண்ணு,

அப்பாவுக்கு இருமல் விட்டது. எனக்கு முழங்கால் வலி விடவில்லை. குமுளியில் மழை ஒரு வாரமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மாடியில் காயவேண்டிய துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் தொங்க, உன் அப்பா அதற்கு நடுவில் குனிந்து குனிந்து நடமாடுகிறார். இங்கத்து சேதி இவ்வளவுதான். இதற்குப் போன் போதாதா, காகிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் வாயெடுத்தால் நீ 'மீட்டிங் இருக்கும்மா' என்பாய். காகிதத்தை மீட்டிங் முடிந்தும் படிக்கலாம். அதோடு, நான் சொல்லப்போகிறதைப் போனில் சொன்னால் பக்கத்து அறையிலிருந்து 'அதெல்லாம் எதுக்கு இப்ப' என்று ஒரு குரல் வந்து என்னை நிறுத்திவிடும். குரலுக்குச் சொந்தக்காரர் இப்போதுதான் குடையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். வழியில் நாலு பேரிடம் நின்று பேசுகிற ஆள் இல்லை, சீக்கிரம் வந்துவிடுவார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ விரும்பினால் இதை உன் ஆபீசில் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் படித்துக் காட்டு. எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

ஓணம் லீவுக்கு உன் அக்கா மகள் வந்திருந்தாள் அல்லவா, அப்போது நீ கதை எழுதின அந்த வீடியோ விளையாட்டை டி.வி.யில் போட்டுக் காட்டினாள். எனக்கு அதில் பாதி புரியவில்லை. ஆதன் என்று ஒரு பிள்ளை, மலைநாட்டு இளவரசன், வாளை வைத்துக்கொண்டு ஓடுகிறான், தாவுகிறான், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறான். அவன் கூடவே சோணை என்று ஒரு வேலையாள். காதில் பீடி, தோளில் துண்டு, எல்லாரையும் 'மாப்ள' என்று கூப்பிடுகிறான், சண்டை நடக்கிற இடத்திலும் யாராவது சோற்றுப் பொட்டலம் வைத்திருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறான். அவன் வந்ததும் உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏய், இது நம்ம செல்லையால்ல!" என்று சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. செல்லையா மாமா போய் மூன்று வருஷம் ஆகிறது, அந்த நடையை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறாய். உனக்கு அவர் மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். அவர் போனபோது நீ அழுத அழுகையை நான் பார்த்தேன்.

பிறகு அந்தக் கோட்டைவாசல் காட்சி வந்தது. தங்கக் கிரீடம் வைத்துக்கொண்டு மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிற ஒருவனைச் சோணை பளார் என்று அறைகிறான். கிரீடம் படியில் டங் டங்கென்று உருண்டு போகிறது. உலகம் பூராவும் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று பேத்தி சொன்னாள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உன் அப்பாவும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அப்புறம் கேட்டார், "ஏத்தா, இதுல நான் யாரு? அந்த ஆதனா, இல்ல கிரீடம் உருண்டுச்சே, அவனா?" அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நீங்க இதுல இல்ல தாத்தா" என்றாள். "அதுவுஞ் சரித்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தார்.

அதைக்கூட நான் விட்டிருப்பேன். போன வாரம் நீ போன் பண்ணினாயே, நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. அப்பா எதிரில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த விளையாட்டில் சோணைதான் கதாநாயகன் என்றாய். ஆதனை முதல் காட்சியிலேயே கொன்றுவிடப் போகிறோம் என்றாய். "அவனை ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லைம்மா. ஹீரோன்னா காலியா இருக்கணும், அப்பத்தான் விளையாடறவங்க அவனுக்குள்ள போய் உட்கார முடியும். அவனுக்கு எதுவும் நடக்கக் கூடாது. அவன் விழுந்தா, அழுதா, அவமானப்பட்டா விளையாடறவங்களுக்குக் கோபம் வருமாம், மேல இருக்கறவங்க விட மாட்டேங்கறாங்க. அதனால எல்லாத்தையும் சோணைக்குக் குடுத்தோம். இப்ப சோணைதான் மனுஷன்." இதுதான் நீ சொன்னது. நான் உன் அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் மொச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழில் உன்னுடையது, அதில் நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கண்ணு, நீ ஆதனை வைத்திருக்கிற இடத்தில்தான் உன் அப்பாவையும் வைத்திருக்கிறாய். ஏலக்காய்க் கடையில் மூட்டை எடை போட்டார், ஓய்வு பெற்றார், சத்தமில்லாமல் சாப்பிடுகிறார், அவ்வளவுதான் அவர் என்று நினைக்கிறாய். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டால் நீ வீட்டுக்கு வரமாட்டாய், செல்லையா மாமாவின் டீக்கடைக்குத்தான் ஓடுவாய். அவர் சொல்கிற கதைகளிலேயே உனக்குப் பிடித்தது, அவர் ஒருநாள் நாடக மேடையில் கங்காணி மகனைப் பளார் என்று அறைந்த கதை. அந்தக் கங்காணி மகன் உன் அப்பாதான் என்பதும் அதில் ஒரு தமாஷ். கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள், உன் அப்பாவும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டு சிரிப்பார், நானும் சிரித்திருக்கிறேன். அந்தக் கதையில் ஒரு வார்த்தையை மாமா எப்போதும் விட்டுவிடுவார். அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் மூன்றே பேர். ஒருவர் போய்விட்டார், ஒருவர் சொல்ல மாட்டார். மிச்சம் நான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. உன் பெரியம்மாவை வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்குப் பிரசவம், துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னை எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏற்றி அனுப்பினார்கள். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி, மலை ஏறும்போது வாந்தி எடுத்து, வந்து சேர்ந்தேன். வெயில் காய்ந்து வளர்ந்தவளுக்கு அந்தக் குளிர் ஆகவே இல்லை. நான் பேசுகிறதும் அவர்களுக்கு வேடிக்கை. நான் "ஏனுங்க" என்றால் குழாயடியில் நிற்கிற பெண்கள் எல்லாம் "ஏனுங்க, ஏனுங்க" என்று திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். அக்கா வீட்டுக்கு நேர் எதிரே பெரட்டுக்களம். விடிந்ததும் தோட்டத்து ஆட்கள் எல்லாம் அங்கே வரிசையாக வந்து நிற்க, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து அனுப்புவார்கள். பெயர் கூப்பிடுகிறவர், ஆட்களை மேற்பார்க்கிற கங்காணியின் மகன், உன் அப்பா. கம்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு வந்த பிள்ளை, மடிப்புக் கலையாத சட்டை, எல்லாப் பெயரையும் ஒரே குரலில் படிப்பார். இப்போது வீட்டில் மின்சார பில்லைப் படிக்கிறாரே, அதே குரல். வரிசையில் நிற்கிற செல்லையா மட்டும் தன் பெயர் வந்தால் "இந்தாருக்கேன் மாப்ள!" என்று கத்துவார். களமே சிரிக்கும். கங்காணி திரும்பி முறைப்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஓடையில் குளித்து வளர்ந்தவர்கள், ஆனால் ஒருவருக்குப் பங்களா ஓரத்தில் ஓட்டு வீடு, இன்னொருவருக்கு லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், ஒற்றை அறை.

மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டத்து ஆட்களே நாடகம் போடுவார்கள். கம்பத்திலிருந்து நாடக வாத்தியார் வந்து மாதக்கணக்கில் தங்கிச் சொல்லிக்கொடுப்பார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு என்ன வேஷம் என்பதை வாத்தியார் முடிவு செய்வதில்லை, தோட்டத்தில் யார் என்ன வேலை பார்க்கிறார்களோ அதுவே முடிவு செய்துவிடும். ராஜா வேஷம் கங்காணி வீட்டுக்கு. மந்திரி, தளபதி எல்லாம் ஸ்டோரிலும் ஆபீசிலும் இருக்கிறவர்களுக்கு. லயத்து ஆட்களுக்குக் காவல்காரன், வேலையாள், கூட்டத்தில் நிற்கிறவன். அந்த வருஷ நாடகத்தில் இளவரசன் போரில் பயந்து ஓடி வருவான். அவனைத் தூக்கி வளர்த்த வேலையாள் அவனை ஓங்கி அறைந்து, "திரும்பிப் போ" என்று அனுப்புவான். வாத்தியார் எழுதினது அப்படி. ஒத்திகையில் இதைக் கேட்டதும் உன் தாத்தா எழுந்துவிட்டாராம்.

"எம் மகன் மேல எவன் கையும் படப்படாது. நாடகந்தானேன்னு எங்கிட்ட சொல்லாதீக. விடிஞ்சா பெரட்டுல அவன் பேரை இவன் கூப்பிடணும். அறைஞ்சவன் மறுநா எப்பிடிய்யா இவனுக்கு அடங்கி நிப்பான்?"

அறையை எடுத்தார்கள். அறை இல்லாமல் ஓடினால் இளவரசன் கோழை ஆகிவிடுவானே என்று அவன் ஓடுவதையும் எடுத்தார்கள். அவன் அழக்கூடாது, யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது, மண்ணில் உட்காரக்கூடாது, ஜரிகை வேஷ்டி அழுக்காகும். கழித்ததையெல்லாம் வேலையாள் பக்கம் தள்ளினார்கள். பசி அவனுக்கு, பயம் அவனுக்கு, உதை அவனுக்கு, கடைசியில் இளவரசன் மடியில் சாவும் அவனுக்கு. வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு, "அடி வாங்காத ராசாவுக்கு நான் என்னத்தய்யா பாட்டு எழுதுறது, நிக்க வச்சு மாலை போடத்தேன் ஆகும்" என்று புலம்பினாராம். அந்த வேலையாள் வேஷம் யாருக்குப் போனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேடையில் சொன்ன வார்த்தை என் காதில் எப்படி விழுந்தது என்று கேட்பாய். ராணி வேஷம் கட்டினவன், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடுகிற ஆள். மீசையை எடுத்த துக்கத்திலேயே இருந்தான். அவனுக்கு உடுத்த என் அக்காவின் கல்யாணப் பட்டைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். அக்காவுக்குக் கொடுக்கவும் மனமில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. "அந்தாளு சேலையக் கிழிச்சுப் போடுவானாட்ட இருக்குது. நீ கூடவே போயி நின்னுக்க கண்ணு. ஒரு நூலு கூட இழுக்கப்படாது" என்று என்னைக் காவலுக்கு அனுப்பினாள். அப்படியாக நான் பட்டுச்சேலைக்குக் காவலாகப் பக்கத் திரையை ஒட்டி நின்று இரண்டு தடவையும் நாடகம் பார்த்தேன்.

முதல் தடவை திருவிழா அன்று. உன் அப்பா வந்து நின்றார். அழகாகத்தான் இருந்தார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். பாடினார், சுதி விலகவில்லை. ஆனால் ஜனங்கள் கடலை வாங்கப் போனார்கள், பிள்ளைகளை மூத்திரம் போகக் கூட்டிப் போனார்கள். செல்லையா வந்ததும் போனவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். அவர் எச்சில் சோற்றைத் திருடித் தின்கிறதற்குச் சிரித்தார்கள், உதை வாங்கியதற்கு உச்சுக்கொட்டினார்கள். இளவரசன் மடியில் தலையை வைத்து அவர் செத்தபோது பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அழுகை அடங்குவதற்குள் பின்வரிசையில் ஒருவன் "ஒன்ஸ்மோர்!" என்றான். களம் முழுக்க "ஒன்ஸ்மோர்" என்று பிடித்துக்கொண்டது. ஒன்ஸ்மோர் கேட்டால் மறுபடி செய்துதான் ஆக வேண்டும், அது மேடைக்கு மரியாதை. செல்லையா எழுந்து துண்டை உதறிவிட்டு மறுபடி செத்தார். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் செத்தார். ஒவ்வொரு தடவையும் உன் அப்பா மேடையில் விரித்த ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியைக் கொடுத்து, அதே பாட்டை அதே குரலில் பாடினார். கடைசியில் முன்வரிசை நாற்காலிகளில் இருந்த நாலு பேர் முன்னால்தான் அவருக்கு முடிசூட்டு நடந்தது. மற்றவர்கள் செல்லையாவைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டார்கள். நானும் கைதட்டினேன் கண்ணு. செல்லையாவுக்குத்தான் தட்டினேன்.

அது உன் அப்பாவுக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வேஷம் கலைக்கும்போது அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். லயத்திலிருந்து திரும்பி வந்த செல்லையா, "மாப்ள, எம்புட்டு சனம் பாத்தியா!" என்று தோளில் கை போட்டபோது, "நீ நல்லாச் செத்தடா" என்றார். அதில் பொறாமை இருந்ததா என்று நான் உற்றுக் கேட்டேன். பொறாமை இல்லை. என்னவோ ஒரு யோசனை இருந்தது.

உன் தாத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் தங்கள் இடத்திலும் நாடகம் போடக் கேட்டிருந்தார்கள். அந்தக் காட்டில் யானை இறங்குகிற நேரம் அது, அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியத்திலேயே நாடகம் என்று ஏற்பாடு. அதற்கு முன்னால் தாத்தா வாத்தியாரைக் கூப்பிட்டு, வேலையாள் மேடையில் சாகக் கூடாது, அவன் செத்தான் என்று ஒருத்தன் வந்து சொன்னால் போதும் என்று முடித்துவிட்டார். வாத்தியாரும் சரி என்றுவிட்டார், செல்லையாவும் சரி என்றுவிட்டார். வேறு என்ன சொல்ல முடியும்? உன் அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டப்பகலில் நாடகம் பார்த்திருக்கிறாயா? பவுடர் திட்டுத் திட்டாகத் தெரியும், அட்டைக் கிரீடத்தில் பசை தெரியும். மேடையில் நிற்கிறவர்களுக்கு முன்வரிசையில் இருக்கிறவர்களின் முகமும் தெரியும். தாத்தா நடு நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். போர்க்காட்சி வந்தது. இளவரசன் வாளை உருவிப் பாட வேண்டும், எதிரி விழ வேண்டும், அவ்வளவுதான். உன் அப்பா வாளை உருவினார். பாடவில்லை. வாளைக் கீழே போட்டார். திரும்பி, நான் நிற்கிற பக்கத் திரையை நோக்கி ஓடி வந்தார். ஆர்மோனியம் நின்றுவிட்டது. "எனக்குப் பயமா இருக்கு, நான் போறேன்" என்றார். அந்த வசனத்தை எடுத்து மாதக்கணக்காகிறது. அதை அவர் மறக்கவே இல்லை. செல்லையா குறுக்கே நின்றார், அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உன் அப்பா அவருக்கு முன்னால் வந்து, முகத்தைக் கொஞ்சம் இறக்கி, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார்.

"அடிடா."

"வேணாம் மாப்ள. அய்யா பாக்குறாரு."

"பாக்கட்டும். நீ அடிச்சாத்தான்டா நான் திரும்பிப் போக முடியும்."

முன்வரிசையில் தாத்தா எழுந்து நின்றார். செல்லையா நிஜமாகவே அழுதுகொண்டு, கையை ஓங்கி அறைந்தார். கிரீடம் தெறித்து ஆர்மோனியக்காரர் மடியில் போய் விழுந்தது. உன் அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு கிரீடத்தைத் தேடாமல் வாளைப் பொறுக்கிக்கொண்டு சண்டைக்குத் திரும்பிப் போனார். ஒருவர்கூட ஒன்ஸ்மோர் கேட்கவில்லை. அன்று முடிசூட்டு முடிகிறவரை ஒருவரும் எழுந்து போகவும் இல்லை. நசுங்கின கிரீடத்தைத்தான் வைத்தார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் உனக்கு இவ்வளவு எழுத மாட்டேன். மேடையில் அப்பா செய்தது பெரிய காரியம் என்று அப்போது நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அடிக்கச் சொன்னவருக்குத் திரும்பிப் போக ஓட்டு வீடு இருந்தது. அடித்தவருக்கு லயத்தில் ஓர் அறை, அதுவும் வேலை இருக்கிறவரைக்கும்தான். உள்ளே பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். உன் அப்பாவுக்கு நாடகம் நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில் அது அந்த நேரம் தோன்றவில்லை. அன்று சாயந்தரம் தாத்தா சொன்னபோதுதான் தோன்றியது. "நாளைக்கு அவன் பேரைக் கூப்பிடாத" என்றாராம் தாத்தா. வேறு திட்டு, அடி ஒன்றும் இல்லை. பெயர் கூப்பிடாவிட்டால் அன்றோடு வேலை போயிற்று, அறையும் போயிற்று.

மறுநாள் காலை நான் குழாயடியில் குடத்தோடு நின்றேன். பனி விலகவில்லை. வரிசையில் செல்லையா வந்து நின்றார், காதில் பீடி இல்லை. உன் அப்பா அதே மடிப்புச் சட்டையோடு வந்தார், இடது கன்னம் வீங்கியிருந்தது. பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தார், அதே குரல். செல்லையாவின் இடம் வந்தது. "செல்லையா" என்றார். தாத்தா, "அந்தப் பேரு இல்ல" என்றார். செல்லையா வாயைத் திறக்கவில்லை. உன் அப்பா மறுபடி, கொஞ்சமும் குரலை உயர்த்தாமல், "செல்லையா" என்றார். தாத்தா, "இல்லேன்னு சொல்றேன்ல, அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார். மூன்றாம் தடவையும் அவர் செல்லையா என்றுதான் கூப்பிட்டார். அப்புறம் பெயர்ப்புத்தகத்தைத் தாத்தா கையில் கொடுத்து, "அப்ப எம் பேரையும் கழிச்சிருங்கய்யா" என்று சொல்லிவிட்டு, வரிசைக்குள் போய்ச் செல்லையா பக்கத்தில் நின்றார். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கூலிக்கு நிற்கிறவர் மாதிரியே நின்றார். கூப்பிட ஆளில்லாமல் பெரட்டு அப்படியே கலைந்தது. அன்று மதியம் இரண்டு பேரும் செல்லையாவின் பெண்டாட்டி பிள்ளையோடு ஒரு ஜீப்பில் குமுளிக்கு இறங்கினார்கள்.

அதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், அது நடந்த விதம் மட்டும் தெரியாது. ஏலக்காய்க் கடையில் எடை போடுகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர், செல்லையா டீக்கடை போட்டு நிமிர்கிறவரைக்கும் இரண்டு குடும்பமாக ஒரே அடுப்பில் சாப்பிட்டார். ஊருக்குத் திரும்பிப் போய் நான் இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றபோது, "சொந்தமில்ல, நம்ம ஊருமில்ல, பெத்தவனையே உட்டுட்டு வந்தவனுக்கு என்ற புள்ளையக் குடுக்கறதா?" என்று என் அப்பா குதித்தார். நான் ஒரே ஒரு பதில்தான் சொன்னேன். "அவரு ஓடிப் போனாலும் திரும்பி வருவாருங்க." என் அப்பாவுக்கு அது புரியவில்லை. கல்யாணம் நடந்தது. எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? படம் பிடிக்கிற நேரத்தில் செல்லையா மாமா ஓரத்திலிருந்து என்னவோ சொல்ல, எல்லாரும் அவர் பக்கம் திரும்பிச் சிரிக்கிறோம். நானும் அவரைத்தான் பார்க்கிறேன். உன் அப்பா ஒருவர் மட்டும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜனங்கள் ஞாபகம் வைத்தது அறைந்த கையைத்தான். அது நியாயம்தான், அறைந்த கைக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! செல்லையா மாமாவின் பங்கில் நான் ஒரு பருக்கையும் குறைக்க மாட்டேன். மேடையில் கேட்ட அந்த வார்த்தையை அவர் கடைக் கதையில் ஏன் விட்டார் என்று ஒரு தடவை உன் அப்பாவிடமே சண்டை பிடித்தேன். "அடிடான்னு நான் சொன்னேன்னு சொன்னா, அப்புறம் அவன் அடிச்சது எனக்காகன்னு ஆயிரும்ல? அது அவன் அடிதான். இருக்கட்டும் விடு" என்றார். நானும் விட்டேன். விட்டது சரியில்லை என்று உன் போனைக் கேட்ட அன்று தெரிந்தது. அதனால்தான் இந்தக் காகிதம்.

கதாநாயகன் காலியாக இருந்தால்தான் அவனுக்குள் மற்றவர்கள் உட்கார முடியும் என்றாயே. உன் அப்பாவுக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார். செல்லையா, அவர் குடும்பம், நான், உன் அக்கா, நீ. அவர் காலியாக இருந்து அல்ல. ஓடி, அறை வாங்கி, திரும்பி வந்தவர் என்பதால் இடம் இருந்தது. உன் ஆதனுக்கு அந்த இடம் எப்படி வரும்? அவனை யாரும் தொடக்கூடாது என்று உங்கள் கம்பெனியிலும் ஒரு கங்காணி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் போல. அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் சோணைதான் ஜெயிப்பான், ஜெயிக்கட்டும். ஆதனை ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை என்றால் அது ஆதன் குற்றமா? உன் வாழ்க்கையிலும் யாராவது உன்னைவிடப் பெரிதாகக் கைதட்டு வாங்குவார்கள் கண்ணு. அவர்களுக்கு மடியைக் கொடு. ஆனால் உனக்கு வரவேண்டிய அறையை மட்டும் யார் தடுத்தாலும் விட்டுக்கொடுக்காதே.

நேற்றுச் சாயந்தரம் துணி மடிக்கும்போது அவரிடம் கேட்டேன். "ஏனுங்க, அந்த ஆதனைக் கொல்ல வேண்டாம்னு பையன்கிட்டச் சொல்லட்டுங்களா?" கொழிஞ்சாம்பாறைப் பேச்சு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் ஒரு சட்டையின் கையை மடித்து, நீவி, அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கொல்லட்டும். கதைக்கு வேணும்னா கொல்லத்தேன் வேணும். சாகுறதுக்கு முன்னாடி அவனை ஒரு அடி மட்டும் வாங்க விடச் சொல்லு."

சொல்லிவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொண்டார். இடது கன்னம். செல்லையா மாமா வலது கைக்காரர்.

வாசலில் குடையை உதறுகிற சத்தம் கேட்கிறது.

அம்மா